வாசலைப் பார்த்து வைத்த சிவப்பு ஷூ

ஒர்னெல்லாவுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஒருவருடைய காலைப் பார்த்தாலே போதும், அந்த ஆளின் முழு ஜாதகத்தையும் சொல்லிவிடுவாளாம். இத்தாலியின் கிழக்குக் கரையோரம் ஒரு ஊர். அங்கே பாதிப் பேர் ஷூ தைப்பவர்கள், மீதிப் பேர் அதை விற்பவர்கள். அந்த ஊர்க் கடையொன்றில் இருபத்தாறு வருஷமாக முழங்காலிட்டு உட்கார்ந்து, ஊரார் கால்களையெல்லாம் தன் மடியில் தூக்கி வைத்து அளவு பார்த்தவள் அவள். "நம்ம மேயருக்கு எடது காலு வலது காலைவிட அரை அளவு பெரிசு. அதான் அந்த மனுஷன் எதுலயும் ஒரு முடிவுக்கு வரமாட்டேங்கறாரு" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள். மேயரே இதைக் கேட்டுவிட்டு ஒருநாள் சிரித்திருக்கிறார்.

அப்பேர்ப்பட்டவள், மார்ச் மாதத்து ஒரு திங்கட்கிழமை காலை, பல்கேரியாவில் ஒரு மலையடிவாரச் சிற்றூரின் குழந்தைகள் இல்லத்து வாசலில், ஷூவைக் கழற்ற மாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டு நின்றாள்.

"உள்ளே யாரும் ஷூ போட்டுட்டு வரக் கூடாதும்மா. எங்க ஊர்ல எந்த வீட்லயும் அப்படித்தான். இதோ, கம்பளிச் செருப்பு தர்றாங்க" என்றாள் வெலினா. கணவன் மனைவி இரண்டு பேருக்கும் மொழிபெயர்க்க வந்த பெண் அவள்.

ஒர்னெல்லாவின் கணவன் எல்வியோ ஏற்கெனவே தன் பழுப்பு ஷூவைக் கழற்றி வாசல் அலமாரியில் வைத்துவிட்டு, சாம்பல் நிறக் கம்பளிச் செருப்பில் சுகமாக நின்றுகொண்டிருந்தான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன். எங்கே போனாலும் தன் வீடு போல இருந்துகொள்கிற ரகம்.

"ஸ்டாக்கிங்ஸ்ல ஓட்டை. பெருவிரல் வெளியே வந்துடுச்சு" என்று அவன் காதில் கடுகடுத்தாள் ஒர்னெல்லா.

"அதனால என்ன? உன்னைப் பொண்ணு பாக்கவா வர்றாங்க? கழட்டு."

"ஆமா, பொண்ணுதான் பாக்கப் போறா. அவதான் நம்மளைப் பாக்கப் போறா."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆறு வருஷமாகக் காத்திருந்து, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, வீட்டுச் சமையலறையின் நீள அகலம் முதல் எல்வியோவின் ரத்தக் கொதிப்பு வரை எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்த பிறகு ஒரு காகிதம் வந்திருந்தது. பெண் குழந்தை. கலீனா. இரண்டு வயது நான்கு மாதம். ஐந்து நாள் வந்து குழந்தையோடு பழக வேண்டும். ஐந்தாம் நாள், குழந்தை ஒட்டிக்கொண்டதா இல்லையா என்று திரகனோவா அம்மா என்ற அதிகாரி அறிக்கை எழுதுவார். இவர்களும் வேண்டும் அல்லது வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். வேண்டாம் என்று ஆகிவிட்டால் கோப்பு வரிசையின் கடைசிக்குப் போய்விடும். ஒர்னெல்லாவுக்கு நாற்பத்து நான்கு வயது. அந்த வரிசை மறுபடி நகர்ந்து வருவதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும் என்பது அவளுக்கு நன்றாகவே தெரியும்.

கழற்றினாள். கடையிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்துவந்த சிவப்பு ஷூ. ஊரில் இதைப் போட்டுக்கொண்டு நடந்தால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். இங்கே அது அலமாரியில் போய் உட்கார்ந்தது, கம்பளிச் செருப்பு கைக்கு வருவதற்குள் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கின்கா வந்து கதவைத் திறந்தாள். ஐம்பது வயது, அகன்ற தோள், அகன்ற சிரிப்பு. வந்ததும் வராததுமாக இரண்டு பேர் மணிக்கட்டிலும் சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய ஒரு நூலைக் கட்டினாள். "மார்ச் மாசத்து நூலு. நாரையைப் பாக்கற வரைக்கும் அவுக்கக் கூடாது" என்றாள். பிறகு உள்ளே திரும்பி, "கலீனா, வா வா, யாரு வந்திருக்காங்க பாரு" என்று கூப்பிட்டாள்.

கலீனா வந்தாள். குட்டையாக வெட்டிய வைக்கோல் நிற முடி, கன்னத்தில் காலையில் சாப்பிட்ட தயிர். அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. பேச வேண்டியதையெல்லாம் கையாலேயே பேசி முடித்துவிடுவாள். ஒர்னெல்லா முன்னால் வந்து நின்று, முகத்தைப் பார்த்தாள். காலைப் பார்த்தாள். குனிந்து, ஓட்டை வழியாக வெளியே வந்திருந்த பெருவிரலை, அழைப்பு மணியை அழுத்துவது போல ஒரு அழுத்து அழுத்தினாள். எதுவும் அடிக்கவில்லை. நேராக வாசல் அலமாரிக்குப் போனாள். சிவப்பு ஷூ இரண்டையும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்து, ஒர்னெல்லாவின் காலடியில் பக்கம் பக்கமாக வைத்தாள், நுனி வாசலைப் பார்க்கும்படி.

அறை மூலையில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த திரகனோவா அம்மா எதையோ எழுதினார்.

"சின்னப் பிள்ளைதானே, விளையாடறா" என்று வெலினா அவசரமாகச் சொன்னாள். ஒர்னெல்லாவின் முகத்தில் ஈயாடவில்லை. கடையில் பிடிக்காத வாடிக்கையாளரை அனுப்ப அவளே செய்யும் வேலைதான் அது. போட்டுவந்த ஷூவை எடுத்து வாசல் பக்கமாகத் திருப்பி வைத்தால் போதும், ஆள் போய்விடுவார்.

மறுநாள் நடந்தது இன்னும் மோசம். எல்வியோ தரையில் மல்லாந்து படுத்துத் தவளை மாதிரி கத்தினான். இல்லத்திலிருந்த பன்னிரண்டு குழந்தைகளும் அவன் மேல் ஏறின. கலீனா அவன் வயிற்றின் மேல் உட்கார்ந்து, அவன் காதுக்குள் விரலை விட்டு, என்ன அகப்படுகிறது என்று ஆராய்ந்தாள். ஒர்னெல்லா ஊரிலிருந்து கொண்டுவந்த பொம்மையை எடுத்து நீட்டினாள். கலீனா பொம்மையின் காலைப் பிடித்து வாங்கி, இன்னொரு குழந்தையிடம் கொடுத்துவிட்டு, போய்ச் சிவப்பு ஷூவை எடுத்துவந்து வாசலைப் பார்த்து வைத்தாள்.

நான்கு மணிக்குக் கிளம்பும்போது எல்வியோவின் இடது ஷூவைக் காணோம். கட்டிலுக்கு அடியில், அடுப்புக்குப் பின்னால், திரைக்குப் பின்னால் எல்லாம் தேடியாயிற்று. கடைசியில் கின்கா சலவை இயந்திரத்துக்குள் கையை விட்டு, ஈரப் போர்வைகளுக்கு நடுவிலிருந்து சொட்டச் சொட்ட அதை வெளியே இழுத்தாள். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"உங்க மேல ஆசை வந்துடுச்சு அவளுக்கு! ஷூ இல்லாம யாரும் வெளியே போக முடியாதுன்னு கண்டுபிடிச்சு வெச்சிருக்கா கள்ளி. யாரு போகக் கூடாதோ அவங்க ஷூ ஒண்ணு காணாமப் போகும். போன மாசம் என்னோடது மாவு டப்பாவுல கெடந்துச்சு. சமையல்காரர் ரெண்டு நாள் ஒத்த பூட்ஸோட அலைஞ்சாரு."

எல்வியோவுக்குத் தலைகால் புரியவில்லை. ஈர ஷூவில் சளக் சளக்கென்று நடந்துகொண்டே விடுதிவரை அதே பேச்சு. "காலு விறைக்குது ஒர்னெல்லா. ஆனா சுகமா இருக்கு."

"வாயை மூடிட்டு வா."

"ரெண்டே நாள்ல ஒளிச்சு வெச்சுட்டா பாத்தியா?"

"உன் ஷூவை எந்த நாயும் ஒளிச்சு வைக்கும். போன வருஷம் பக்கத்து வீட்டு நாய் ஒளிச்சு வெக்கல?"

வயிற்றெரிச்சல்தான், வேறென்ன. தன் சிவப்பு ஷூவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்து கொடுக்கும் அந்தக் குட்டிக் கைகள் அவள் கண் முன்னாலேயே நின்றன. யார் போகக் கூடாதோ அவர்கள் ஷூ காணாமல் போகும். அப்படியானால் யார் போக வேண்டுமோ அவர்கள் ஷூ காலடிக்கு வரும். இதைப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பாளர் வேண்டாம்.

மூன்றாம் நாள் ஒர்னெல்லா தந்திரத்தில் இறங்கினாள். முதலில் ஷூவை அலமாரியில் வைக்காமல் நடு அறையில், ஒளித்து வைக்க வாகாகக் கழற்றிப் போட்டாள். கலீனா வாசல் பக்கம் திருப்பி வைத்தாள். அடுத்து ஒர்னெல்லா வலது ஷூவுக்குள் ஒரு மிட்டாயைப் போட்டு வைத்தாள். கலீனா மிட்டாயைத் தின்றுவிட்டு, பிசுபிசுத்த கையோடு ஷூவைக் கொண்டுவந்து வாசல் பக்கம் திருப்பி வைத்தாள். மூன்றாவதாக ஒர்னெல்லா செய்த காரியத்தை, நாற்பத்து நான்கு வயதுப் பெண், அதுவும் ஒரு கடையின் பொறுப்பாளர், செய்தாள் என்று சொன்னால் நம்புவது கஷ்டம். திரகனோவா அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிய நேரத்தில், தன் ஷூவில் ஒன்றைத் தானே எடுத்து மரக்குதிரைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

நான்கு மணி ஆயிற்று. "அடடா!" என்று நெஞ்சில் கை வைத்தாள். "என் ஷூ ஒண்ணைக் காணோமே! யாரு ஒளிச்சு வெச்சிருப்பா?" என்று கேட்டுவிட்டு, கலீனாவைப் பார்த்துச் செல்லமாக விரலை ஆட்டினாள்.

வெலினா மொழிபெயர்த்தாள். கின்கா கைதட்டினாள். திரகனோவா அம்மாகூடப் புருவத்தை உயர்த்திப் பேனாவை எடுத்தார். அப்போது கலீனா விடுவிடுவென்று நடந்து, மரக்குதிரையைத் தள்ளி, ஷூவை இழுத்தெடுத்துக் கொண்டுவந்து, ஒர்னெல்லாவின் மடியில் வைத்தாள். வைத்துவிட்டு, இதைக்கூடப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியவில்லையா என்பது போல ஒரு பார்வை பார்த்தாள்.

எல்வியோ கூரையைப் பார்த்தான். திரகனோவா அம்மா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். "நீங்களே ஒளிச்சு வெச்சீங்களா?"

மொழிபெயர்க்கும்போது வெலினாவுக்கே காது சிவந்துவிட்டது. ஒர்னெல்லா அசடு வழிந்தாள். "ஆமா" என்றாள்.

திரகனோவா அம்மா எழுதினார். எழுதிக்கொண்டே போனார். பக்கத்தைத் திருப்பி எழுதினார்.

"என்ன எழுதறாங்க?" என்று கேட்டாள் ஒர்னெல்லா.

"நடந்ததை எழுதறாங்கம்மா" என்றாள் வெலினா.

நான்காம் நாள் காலை விடுதியில் சுடச்சுடப் பாலாடைக்கட்டி அப்பம் வந்தது. எல்வியோ மூன்றாவதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒர்னெல்லா சொன்னாள்: "நாளைக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "ஒரு ஷூவுக்காகவா?"

"விளையாடாத எல்வியோ. அவ என்னை வேண்டாங்கறா. மூணு நாளா, ஒரு தடவைகூடத் தப்பாம, தெளிவாச் சொல்றா. அந்தக் கொழந்தைக்குப் பேச வராது, அம்மா அப்பா இல்ல, சொந்தமா ஒரு ஸ்பூன்கூட இல்ல. வேண்டாம்னு சொல்றது ஒண்ணுதான் அவகிட்ட இருக்கு. அதையும் நான் கேக்கமாட்டேன்னு தூக்கிட்டு வந்துட்டா, நான் யாரு?"

"ஆறு வருஷம் ஒர்னெல்லா."

"தெரியும்."

"அந்த மஞ்சள் ரூமுக்கு ரெண்டு தடவை பெயின்ட் அடிச்சேன்."

"தெரியும்டா" என்றாள். அழுதுவிட்டாள். அவன் கையிலிருந்த அப்பத்தை அவள் தட்டில் வைத்தான். அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான்.

அன்று இல்லத்துக்குப் போகும்போது, இன்னும் திறக்காத ஒரு சின்னப் பெட்டியையும் எடுத்துக்கொண்டாள். உள்ளே ஐந்து ஜோடி ஷூ. எல்லாம் ஒரே மாதிரி, நீல நிறம், ஒரு பட்டையும் பொத்தானும். இருபத்தொன்று முதல் இருபத்தைந்து வரை ஐந்து அளவுகள். வந்த காகிதத்தில் குழந்தையின் எடை, உயரம், எத்தனை பல் முளைத்தது என்பதெல்லாம் இருந்தது. கால் அளவு மட்டும் இல்லை. எந்த மடையன் தயாரித்த படிவமோ என்று அன்றைக்கே திட்டியிருந்தாள். திருப்பித் தூக்கிக்கொண்டு போவானேன், யாருக்குச் சேருகிறதோ அவர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள்.

தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்தாள். ஒரு குட்டி ஸ்டூலை இழுத்துப் போட்டாள். முதல் முறையாக அந்த வீட்டில் அவளுக்குத் தன் உடம்பு தன்னுடையதாக இருந்தது. "வாங்க, அடுத்தது யாரு?" என்று தன் பாஷையிலேயே கூப்பிட்டாள். குழந்தைகள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். கட்டைவிரலால் நுனியை அழுத்தி, குதிகாலைப் பிடித்து, "ஐயாவுக்குப் பாதம் கொஞ்சம் அகலம், குதிரை ஏறுவீங்களோ?" என்று ஒவ்வொருவரிடமும் வியாபாரம் பேசினாள். ஒன்றும் புரியாமல் எல்லோரும் கெக்கலித்துச் சிரித்தார்கள்.

கலீனா கடைசியாக வந்தாள். ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, ராணி மாதிரி வலது காலை நீட்டினாள்.

கம்பளிச் செருப்பைக் கழற்றிய ஒர்னெல்லா அதைத் திருப்பி அளவு பார்த்தாள். செருப்பு இரண்டு அளவு சின்னது. விரல்கள் ஐந்தும் உள்ளே மடங்கிச் சிவந்திருந்தன. மூன்று நாளாக இந்தக் குழந்தையின் கையையும் முகத்தையும் பார்த்து ஏங்கிக்கொண்டிருந்தாளே ஒழிய, ஊரெல்லாம் கால் ஜோசியம் சொல்லும் இந்தப் பெரிய மனுஷி, காலைப் பார்க்கவே இல்லை. "மன்னிச்சுக்கோ கண்ணு" என்றாள். அந்தக் காலை மடியில் வைத்து, மடங்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். கலீனா அசையாமல் இருந்தாள். ஐந்து விரலும் விரிந்த பிறகு அவற்றை ஒருமுறை ஆட்டிப் பார்த்தாள்.

இருபத்து மூன்று. கச்சிதமாக இருந்தது.

"நல்லா இருக்கே!" என்றாள் கின்கா. "இங்க யாருக்கும் சொந்தமா வெளிய போற ஷூ கெடையாதும்மா. பூட்ஸெல்லாம் பொதுவா ஒரு அலமாரியில பூட்டி வெச்சிருக்கோம். தோட்டத்துக்குப் போறப்ப யாருக்கு எது சேருதோ அது." ஒரு காகிதத்தில் கலீனா என்று எழுதி, வாசல் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒட்டி, நீல ஷூவைக் கழற்றி அங்கே வைத்தாள். கலீனா அந்தத் தட்டுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துகொண்டாள். சூப்புக்குக் கூப்பிட்டும் எழுந்து போகவில்லை.

நான்கு மணிக்குச் சிவப்பு ஷூ வழக்கம்போலக் காலடிக்கு வந்தது. "சரிம்மா, போறேன்" என்றாள் ஒர்னெல்லா.

ஐந்தாம் நாள் மேஜை மேல் காகிதங்கள் தயாராக இருந்தன. திரகனோவா அம்மா பேனாவின் மூடியைத் திறந்து வைத்தார். "உங்க முடிவைச் சொல்லுங்க. வேணுமா, வேண்டாமா?"

ஒர்னெல்லா இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டாள். "எனக்கு வேணும்" என்றாள். "எனக்கு எவ்வளவு வேணும்னு இந்தக் காகிதத்துல எழுத எடம் பத்தாது. ஆனா அவளுக்கு..."

அலமாரிப் பக்கமிருந்து தட்டென்று சத்தம் கேட்டது. கலீனா சிவப்பு ஷூவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மேஜையையும் அதிகாரியையும் காகிதத்தையும் மதிக்காமல் நேராக வந்து, ஒர்னெல்லாவின் காலடியில் வைத்தாள், நுனி வாசலைப் பார்க்கும்படி.

"பாத்தீங்களா?" என்றாள் ஒர்னெல்லா. "நான் என்ன பண்ண?"

ஆனால் கலீனா இன்னும் முடிக்கவில்லை. திரும்பி அலமாரிக்குப் போனாள். கீழ்த்தட்டிலிருந்து நீல ஷூ இரண்டையும் எடுத்தாள். கொண்டுவந்து சிவப்பு ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தாள். வலது, இடது, நுனி வாசலைப் பார்த்து. தள்ளி நின்று நான்கையும் ஒரு பார்வை பார்த்தாள். கொஞ்சம் கோணலாக இருந்த ஒன்றை நேராக்கினாள். பிறகு தரையில் தொப்பென்று உட்கார்ந்து, ஒர்னெல்லாவை நோக்கிக் காலை நீட்டினாள்.

முதலில் புரிந்தது கின்காவுக்குத்தான். "ஐயோ, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்!" என்று நெற்றியில் அறைந்துகொண்டு உள்ளே ஓடினாள். கலீனாவின் கட்டிலில் தொங்கிய சின்ன ஆல்பத்தோடு வந்தாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒர்னெல்லா அனுப்பிய ஆல்பம் அது. நான்கு மூலையும் கடித்து மென்று கூழாகியிருந்தது.

"நான்தானே தெனம் இதைக் காட்டிக் காட்டிச் சொன்னேன்! 'இது உங்கம்மா. ஒருநாள் வருவாங்க. நீ ஷூ போட்டுக்கிட்டு அம்மாகூட வீட்டுக்குப் போவே'ன்னு! அவ உங்களைப் போகச் சொல்லல கண்ணு. மொத நாள்லேருந்து, கெளம்பலாம் வான்னு கூப்பிட்டுட்டு இருக்கா. நீங்கதான் உக்காந்துட்டே இருக்கீங்க. அவளுக்குன்னு வைக்க அப்ப ஷூ ஏது?"

ஒர்னெல்லா நாற்காலியிலிருந்து இறங்கித் தரைக்கு வந்துவிட்டாள். எப்போது இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது. நீல ஷூவை மாட்டிப் பொத்தானைப் போடுவதற்குள் மூன்று முறை தவறியது. இருபத்தாறு வருஷத்தில் அவள் இப்படித் தடுமாறியதில்லை. கலீனா பொறுமை இழந்து, காலாலேயே அவள் முட்டியில் ஒரு உதை கொடுத்தாள். அந்த உதையில் ஒர்னெல்லாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்துவிட்டன. குழந்தையின் கழுத்தில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டாள். தயிர் வாசனை அடித்தது.

"அதெல்லாம் சரி, அப்ப நான்?" என்றான் எல்வியோ. "என் ஷூவை மட்டும் ஏன் ஒளிச்சு வெச்சா?"

வெலினா ஆல்பத்தைப் புரட்டினாள். ஒர்னெல்லா சமையலறையில், ஒர்னெல்லா கடையில், ஒர்னெல்லா பூனையோடு, ஒர்னெல்லா மஞ்சள் அறையில். பன்னிரண்டு படம். பன்னிரண்டையும் எடுத்தவன் எல்வியோ. கடைசிப் படத்தின் மூலையில் அவன் கட்டைவிரல் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"அவளைப் பொறுத்தவரைக்கும் நீங்க இந்த வீட்டு ஆளு" என்றாள் கின்கா. "புதுசா வேலைக்குச் சேந்தவருன்னு நெனைச்சுட்டா. நல்ல ஆளா இருக்காரு, இங்கயே இருக்கட்டும்னு ஒளிச்சு வெச்சிருக்கா."

"நீ இங்கயே இரு எல்வியோ" என்றாள் ஒர்னெல்லா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "தவளை மாதிரி கத்திட்டு இரு. நாங்க கெளம்பறோம்."

எல்வியோவின் முகம் போன போக்கைப் பார்த்து அவளே இரங்கினாள். அவன் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தாள். அந்த மங்கலான கட்டைவிரலைக் காட்டினாள், பிறகு அவன் கட்டைவிரலைக் காட்டினாள். கலீனா படத்தைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். விரலைக் கடித்துப் பார்த்தாள். எழுந்துபோய், உருளைக்கிழங்குக் கூடைக்குள் கையை விட்டு, அன்று ஒளித்து வைத்திருந்த பழுப்பு ஷூவை எடுத்துவந்து வரிசையில் வைத்தாள்.

ஒர்னெல்லா கையெழுத்துப் போட்டாள். எல்வியோ போட்டான். திரகனோவா அம்மா நோட்டுப் புத்தகத்தில் ஒரே ஒரு வரி எழுதி அடிக்கோடு இட்டார்: குழந்தை கிளம்பத் தயார்.

ஆனால் சட்டம் தயாராக இல்லையே! நீதிமன்றம், முத்திரை, கடவுச்சீட்டு என்று இன்னும் நாலு மாதம் இழுக்கும். குழந்தையை விட்டுவிட்டுப் போக வேண்டும். நீல ஷூவோடு கதவில் கை வைத்து நிற்பவளிடம் இதை எந்தப் பாஷையில் சொல்வது? நாளைக்கு வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு நழுவலாம். ஒர்னெல்லா பொய் சொல்லி மாட்டிக்கொண்டது ஒரு தடவை போதும்.

குழந்தைக்கு முன்னால் உட்கார்ந்து, தன் இடது ஷூவைக் கழற்றி அவள் கையில் கொடுத்தாள். "இதை ஒளிச்சு வை. யாருக்கும் தெரியாம, நல்லா ஒளிச்சு வை. இது இல்லாம நான் எங்க போனாலும் திரும்பி வந்துதான் ஆகணும்."

வெலினா அதை மொழிபெயர்க்க வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். கலீனா ஷூவை வாங்கினாள். நெடுநேரம் பார்த்தாள். உதடு பிதுங்கியது. எங்கே அழப் போகிறாளோ என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, ஷூவை அணைத்துக்கொண்டு உள் அறைக்கு ஓடினாள். போகிற வழியில் எல்வியோவின் ஒரு ஷூவையும் தூக்கிக்கொண்டு போனாள்.

கணவனும் மனைவியும் ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் கம்பளிச் செருப்புமாகச் சேற்றில் நொண்டிக்கொண்டு டாக்ஸிக்குப் போனார்கள். திரகனோவா அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

ஜூலையில் திரும்பி வந்தபோதும் ஒர்னெல்லா அதே கோலத்தில்தான் விமானம் ஏறினாள். எல்வியோ எவ்வளவோ கெஞ்சினான். "ஏர்போர்ட்ல எல்லாரும் பாக்கறாங்க. நல்ல ஷூ ஒண்ணு போட்டுட்டு, இதைப் பையில வெச்சுக்கோயேன்."

"பாக்கட்டும். அவளும் பாக்கணும்ல."

மணிக்கட்டில் அந்த நூலும் அழுக்கேறி அப்படியே இருந்தது. அவர்கள் ஊரில் நாரை ஏது? இல்லத்துக்கு எதிர்வீட்டுப் புகைபோக்கி மேல் ஒரு ஜோடி கூடு கட்டியிருந்தது. டாக்ஸியிலிருந்து இறங்கியதும் எல்வியோதான் அதைக் காட்டினான்.

கலீனா உயர்ந்திருந்தாள். ஓடிவந்து கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. வாசலில் நின்று இருவருடைய கால்களையும் பார்த்தாள். உள்ளே மறைந்தாள். எங்கோ ஒரு மூடி திறக்கும் சத்தம், ஏதோ உருளும் சத்தம், கின்கா "அடிப்பாவி, அங்கயா இருந்துச்சு!" என்று கத்தும் சத்தம். சிவப்பு ஷூ வந்தது. அதற்குள் ஒரு பொத்தான், நாலு பீன்ஸ் விதை, எல்வியோவின் கட்டைவிரல் தெரிந்த படத்தின் கிழிந்த துண்டு. பிறகு பழுப்பு ஷூ. கடைசியாக நீல ஷூ. எல்லாம் வாசலைப் பார்த்து.

நீல ஷூ குழந்தையின் காலில் ஏறவில்லை. கலீனாவின் முகம் சுருங்குவதற்குள் ஒர்னெல்லா பையைத் திறந்து, அதே நீலத்தில் இருபத்து நான்கை எடுத்தாள். நாலு மாதத்துக்கு ஒரு அளவு. அவள் கட்டைவிரல் கணக்குத் தப்பாது. இந்தத் தடவை பொத்தானும் தவறவில்லை.

எல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில் கின்கா வாசல் அலமாரியில் எதையோ தேடினாள். "என் செருப்பு ஒண்ணு இங்கதானே வெச்சேன்?"

எல்லோரும் கலீனாவைப் பார்த்தார்கள். கலீனா நாரையைப் பார்த்தாள். அவள் தோளில் மாட்டியிருந்த குட்டிப் பை, உள்ளே வைத்த இரண்டு சட்டைக்கு ரொம்பவே புடைத்திருந்தது. ஒர்னெல்லா அசட்டுச் சிரிப்போடு அதைத் திறக்கப் போனாள். கின்கா அவளுக்கு முன்னால் ஜிப்பை இழுத்து, உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு மெதுவாக ஜிப்பை மூடினாள்.

"யாரும் தேட வேண்டாம்" என்றாள். "அது கெடைக்காது."

டாக்ஸி தெருமுனை திரும்பும் வரை கின்கா ஒற்றைச் செருப்போடு பின்னாலேயே வந்தாள். வெறுங்கால் சுடுகிற தாரில் பட்டுத் துள்ளியது. கையை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்தாள். ஒர்னெல்லா கண்ணாடி வழியாக அந்தக் காலைப் பார்த்தாள். அளவு முப்பத்தொன்பது, அகலம், குதிகாலில் வெடிப்பு; வருஷக்கணக்காக யாரையாவது இடுப்பில் சுமந்தே நின்ற கால். ஊருக்குப் போனதும் நல்லதாக ஒரு ஜோடி அனுப்ப வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். மடியில் உட்கார்ந்திருந்த கலீனா பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.